கார்த்தேஜும் நம்ம புலிமான்கோம்பையும்

1/ போடி மக்களே, யானையோட ஆல்ப்ஸ் மலை தாண்டின ஹன்னிபால் தெரியும்ல? அவர் ஊர் கார்த்தேஜ், இன்றைய துனிசியாவில் இருந்தது. அந்த பியூனிக் மக்களின் நகரத்தை கி.மு. 146-ல் ரோம் அழிச்சது. அவங்க நூல்களும் போச்சு. நாம படிக்கிற அவங்க வரலாறு பெரும்பாலும் கிரேக்கரும் ரோமரும் எழுதினது.

2/ மிஞ்சினது கல்வெட்டுகள். ஆயிரக்கணக்கான நேர்த்திக்கடன் கற்களில் சாதாரண ஜனங்களோட பேர், அப்பா பேர் இருக்கு.

3/ இப்ப நம்ம தேனி மாவட்டம். ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு 3 நடுகற்களைக் கண்டெடுத்தது. எழுத்து தமிழி. காலம் கிட்டத்தட்ட ஹன்னிபால் காலம்னு ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க. அதுல ஒண்ணு, கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், செத்துப்போன பேடு ஊர் தீயன் அந்தவனுக்கு நட்டது.

4/ பேர், ஊர், இறந்த காரணம். டியூட்டியில் நான் எழுதுற இறப்புச் சான்றிலும் இந்த மூணும் உண்டு. அந்தவனைப் பத்தி நமக்குக் கிடைச்சது அந்த ஒரு கல்தான்.

5/ அதனால, ஏலத்தோட்டத்துலயோ மலைப்பாதையிலயோ எழுத்து உள்ள பழைய கல்லைப் பார்த்தா துவைக்கிற கல்லாக்கிடாதீங்க, சுண்ணாம்பு அடிக்காதீங்க. நகர்த்தாம போட்டோ எடுத்து விஏஓகிட்டயோ தொல்லியல் துறைகிட்டயோ சொல்லுங்க.