சால்ஸ்பரி பேராலயம்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஆங்கிலிக்கன் பேராலயம். இதன் கூர்ங்கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரமான ஆலயக் கோபுரம் வேறில்லை.

பழைய பேராலயம் வடக்கே ஓல்டு சாரம் குன்றின்மேல், கோட்டை வளாகத்துக்குள் இருந்தது. சுழன்றடிக்கும் காற்று, தண்ணீர்த் தட்டுப்பாடு, கோட்டைக் காவலர்களோடு ஓயாத சச்சரவு எல்லாம் சேர்ந்து, ஆயர் ரிச்சர்டு பூரைக் கீழே இறங்க வைத்தன. 1220 ஏப்ரல் 28 அன்று ஆற்றோரப் புல்வெளியில் அடிக்கல் நாட்டினார்கள், 1258இல் அர்ச்சிப்பு. பணிகளைக் கவனித்த எலியாஸ் என்ற குரு, 1215இல் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் படிகளை ஊர்களுக்குக் கொண்டுசேர்த்தவர்களில் ஒருவர். எஞ்சிய நான்கு மூலப்படிகளில் ஒன்று இங்கே எண்கோண மண்டபத்தில் இருப்பதற்கு அதுவே காரணம் என்பார்கள்.

தண்ணீருக்குத் தவித்தவர்களுக்கு இங்கே காலடியிலேயே நீர். ஈரமான சரளைமேல் போட்ட அடித்தளத்தின் ஆழம் ஏறக்குறைய 1.2 மீட்டர்தான். அதன்மேல், முதலில் கட்டியவர்கள் எதிர்பார்த்திராத கூர்ங்கோபுரம் 14ஆம் நூற்றாண்டில் ஏறியது. கோபுரத்தோடு சேர்த்துச் சுமார் 6,500 டன். துணிச்சலா, அசட்டுத்தனமா என்று இன்றும் கேட்கலாம். நடுத்தூண்கள் வளைந்தன, அடியில் நின்று அண்ணாந்தால் அந்த வளைவு சிறுவர் கண்ணுக்கும் தப்பாது. 1668இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் ஆராய்ந்தபோது உச்சி சுமார் 75 செ.மீ. சாய்ந்திருந்தது. சரளை ஈரமாக இருந்தால்தான் உறுதி. ஆகவே தரைக்கல்லைத் திறந்து, கோலை விட்டு நீர்மட்டம் பார்ப்பது இங்கே வழக்கம்.

1457இல் ஆயர் ஆஸ்மண்டுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபின் யாத்திரிகர்கள் பெருகினர். அவர் கல்லறையின் ஓட்டைகளுக்குள் நோயுற்ற கையையோ காலையோ நுழைத்து வேண்டிக்கொண்டார்கள். மதச் சீர்திருத்த காலத்தில் அவருடைய திருத்தலம் கலைக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் 'திருத்தம்' என்ற பெயரில் தனி மணிக்கூண்டை இடித்து, பழைய வண்ணக் கண்ணாடிகளையும் அகற்றினார். அதைச் சேதம் என்றே சொல்லவேண்டும்.

மணிக்கூண்டில் இருந்த கடிகாரம் தப்பியது. 1386ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் அது, கோபுரத்தில் கேட்பாரற்றுக் கிடந்து 1920களின் இறுதியில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை. மணியடிப்பது மட்டுமே அதன் வேலை. குடும்பத்தோடு வருபவர்கள் இதன்முன் நின்றால், நேரத்தை எங்கே பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சிறுவர் மட்டுமே பாடிவந்த பாடகர் குழுவுக்கு இணையாக 1991இல் சிறுமியருக்கும் ஒரு குழு அமைந்தது. இங்கிலாந்துப் பேராலயங்களில் இது முன்னோடி. கோபுரத்தில் கூம்பின் அடிவரை 332 படிகள். வழிகாட்டியோடுதான் ஏறமுடியும், மிகச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வதில்லை.