பழைய அமெரிக்க ராணுவ ரிவால்வர்: நம்பர் ஒத்துப்போனால் மதிப்பு, சில சமயம் ஒத்துப்போனாலே சந்தேகம்! ஏன்?

2021 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் போன்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. அன்றைய கணக்கில் நம்ம ஊர் பணத்துக்கு 40 கோடி ரூபாயைத் தாண்டும். தங்கமோ வைரமோ பதித்த துப்பாக்கி இல்லை. 1881-ல் பில்லி தி கிட் என்ற பிரபல கொள்ளையனை ஷெரிஃப் பாட் காரெட் சுட்டுக்கொன்றது இதனால்தான். அதற்குத்தான் அவ்வளவு விலை.

அது 'கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' என்ற மாடல். கோல்ட் என்றதும் தங்கம் என்று நினைக்க வேண்டாம், சாமுவேல் கோல்ட் என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. இதே மாடலை அமெரிக்க ராணுவம் 1873-ல் ஒன்று 13 டாலர் என்று 8,000 ஆர்டர் கொடுத்து வாங்கியது.

காரெட்டின் துப்பாக்கிக்கு ஒரு பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது. ஆனால் பெயர் தெரியாத ஏதோ ஒரு குதிரைப்படை வீரர் இடுப்பில் தொங்கிய துப்பாக்கிக்கு யார் சாட்சி? அதன் மேல் இருக்கும் குட்டிக் குட்டி முத்திரைகள்தான். சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது அந்தச் சாட்சிக்கு. மோசடி நடப்பதும் அதே இடத்தில்தான்.

ராணுவத் துப்பாக்கி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோல்ட் நிறுவனம் இந்த மாடலைப் பொதுமக்களுக்கும் விற்றது, ராணுவத்துக்கும் விற்றது. 1873 முதல் 1891 வரை ராணுவம் வாங்கியது சுமார் 37,000. குதிரைப்படைக்குப் போனவற்றில் குழல் நீளம் ஏழரை அங்குலம். தோட்டா .45 அளவு. பிடி வால்நட் மரம்.

ஃபிரேமின் இடது பக்கம் 'யு.எஸ்.' என்று அடித்திருக்கும். அரசு சார்பில் சோதித்துப் பார்த்த ஆய்வாளரின் இனிஷியலும் முக்கியப் பாகங்களில் இருக்கும். ஆரம்ப காலத் துப்பாக்கிகளைப் பார்த்தவர் ஓ.டபிள்யூ. எய்ன்ஸ்வொர்த். 1880-களில் டேவிட் கிளார்க். கடைசிக் கட்டத்தில் ரினால்டோ கார். எந்தக் காலத்து சீரியல் நம்பரில் யாருடைய எழுத்து வர வேண்டும் என்பது சேகரிப்பாளர்களுக்கு மனப்பாடம். 1874-ல் செய்த துப்பாக்கியின் ஃபிரேமில் கிளார்க்கின் எழுத்து இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சீரியல் நம்பரும் ஒரே இடத்தில் இருக்காது. ஃபிரேம், ட்ரிகர் கார்டு, பிடியின் பின்பட்டை, சிலிண்டர் என்று பல பாகங்களில் இருக்கும். குதிரைப்படை மாடலில் இவை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரு சிலிண்டர் மாறியிருந்தாலே விலை நன்றாக இறங்கிவிடும்.

அப்போ நம்பர் கலந்திருந்தால் போலியா?

இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள்.

1892-ல் ராணுவம் .38 அளவுள்ள புதிய கோல்ட் ரிவால்வருக்கு மாறியது. பழைய .45-கள் கிடங்குக்குப் போயின. பிறகு 1895 தொடங்கி அவற்றில் ஏறக்குறைய 16,000 துப்பாக்கிகளை வெளியே எடுத்து, கழற்றி, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டிப் புதுப்பித்தார்கள். மொத்தமாகக் கழற்றி, மொத்தமாகத் துடைத்து, கைக்கு வந்த பாகத்தை எடுத்து மாட்டினார்கள். எந்த நம்பர் எதோடு சேர்கிறது என்று அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. ராணுவத்துக்குத் தேவை சுடுகிற துப்பாக்கி, அவ்வளவுதான்.

இவற்றை இன்று 'ஆர்டிலரி மாடல்' என்கிறார்கள். முதலில் பீரங்கிப் படைக்குப் போனதால் வந்த பெயர். ஃபிரேமில் ஒரு நம்பர், சிலிண்டரில் வேறு நம்பர். ஃபிரேமில் எய்ன்ஸ்வொர்த் எழுத்து, பிடியில் 20 வருஷம் கழித்துப் பார்த்த காரின் முத்திரை. மற்ற எந்தத் துப்பாக்கியில் இருந்தாலும் குறை என்று சொல்லப்படுவது, இதில் முறைப்படி வந்ததற்கான அடையாளம். எல்லா நம்பரும் ஒத்துப்போகும் ஆர்டிலரி மாடல் அபூர்வமாக உண்டு. ஆனால் அதைக் கண்டதும் விவரம் தெரிந்தவர் சந்தோஷப்படுவதற்கு முன் பூதக்கண்ணாடியை எடுப்பார். குதிரைப்படை மாடலின் குழலை யாரோ வீட்டில் வெட்டியதாகவும் இருக்கலாம் இல்லையா!

1898-ல் கியூபாவில் தியோடர் ரூஸ்வெல்ட்டின் 'ரஃப் ரைடர்ஸ்' படையினர் கையில் இருந்தது இந்த ஐந்தரை அங்குலத் துப்பாக்கிதான். அடுத்து பிலிப்பைன்ஸ் போரில் .38 தோட்டாவுக்கு எதிரிகள் விழவில்லை என்ற புகார் எழுந்தபோதும் இதையே மறுபடி கொடுத்தார்கள்.

கஸ்டர் என்ற பெயர் சேர்ந்தால்...

1876 ஜூன் 25. மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றோரம் ஜார்ஜ் கஸ்டரின் 7-வது குதிரைப்படையை லகோட்டா, செயன் மக்கள் முறியடித்தார்கள். கஸ்டரோடு நேரடியாகச் சென்ற 200-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களிடம் இருந்தவை எய்ன்ஸ்வொர்த் காலத்து கோல்ட்கள். தங்கள் நிலத்தைக் காக்க நின்றவர்கள் அந்தத் துப்பாக்கிகளை எடுத்துச் சென்றார்கள்.

1983-ல் அந்தப் புல்வெளியில் தீப்பிடித்து நிலம் வெட்டவெளியானது. அடுத்த ஆண்டுகளில் தொல்லியல் ஆய்வாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு இறங்கி, கிடைத்த காலித் தோட்டாக்களை நுண்ணோக்கியில் வைத்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் தோட்டாவின் அடியில் தனித்தடம் பதிக்கும். அதை வைத்து ஒரு துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது.

சந்தையில் நடப்பது வேறு. 'கஸ்டர் காலத்து நம்பர்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் விலை எகிறும். ஆனால் அந்த நம்பர் வரிசையில் இருப்பது வேறு, அந்தப் போர்க்களத்தில் இருந்தது வேறு. முதலாவதை நம்பர் காட்டும். இரண்டாவதற்குத் தனி ஆதாரம் வேண்டும். விற்பவர் பல நேரம் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்.

கடிதம் இருந்தால் போதுமா?

கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கட்டணம் கட்டினால், இந்த நம்பர் துப்பாக்கி எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். பழைய பதிவேடு இருக்கும் வரை நல்ல ஆதாரம். ராணுவ கோல்ட்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஜான் கோபெக் போன்றவர்கள் நேரில் சோதித்துக் கொடுத்த கடிதங்களுக்கும் தனி மரியாதை உண்டு.

ஆனால் ஒன்று. நிறுவனத்தின் கடிதம் நம்பரைத்தான் உறுதி செய்கிறது, உங்கள் கையில் இருக்கும் இரும்பை இல்லை. சாதாரண கோல்ட் ஒன்றில் பழைய நம்பரைத் தேய்த்துவிட்டு ராணுவ நம்பரை அடித்தவருக்கும் அதே கடிதம் கிடைக்கும். இத்தாலியில் செய்யும் நகல் துப்பாக்கிகளை ரசாயனத்தில் முக்கிப் பழசாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் வாங்குபவர் பார்க்க வேண்டியது எழுத்தின் ஆழம், வடிவம், சுற்றியிருக்கும் உலோகம். தேய்த்த இடம் லேசாகக் குழிந்திருக்கும். சாய்வாக வெளிச்சம் அடித்தால் தெரிந்துவிடும்.

துடைத்தால் போச்சு

பணத்தை இழக்க மோசடிக்காரர்தான் வேண்டும் என்றில்லை. வீட்டு அலமாரியில் கிடைத்த தாத்தாவின் துப்பாக்கியை ஸ்டீல் கம்பளி போட்டுப் பளபளன்னு தேய்த்தாலே போதும்.

கோல்ட் ஃபிரேமுக்கு எலும்புக் கரியோடு சேர்த்து நெருப்பில் வைத்து, தண்ணீரில் அமிழ்த்தி நிறம் ஏற்றினார்கள். நீலமும் பழுப்பும் கலந்த மேகம் மாதிரி வரும். வெயில் பட்டும் கை பட்டும் அது மெல்ல வெளிறிச் சாம்பலாகும். குழலின் நீலம் பழுப்பாகும். இந்த முதுமையைத்தான் சேகரிப்பாளர் தேடுகிறார். பாலிஷ் போட்டால் நிறத்தோடு விளிம்பின் கூர்மையும் முத்திரையின் ஆழமும் சேர்ந்து போகும். அதை மறுபடி கொண்டுவர முடியாது. லேசாக எண்ணெய் தடவிய துணி போதும், அதற்கு மேல் கை வைக்காதீர்கள் என்பதுதான் அனுபவசாலிகள் சொல்வது.

சுட்டுப் பார்ப்பதும் ஆபத்து. இவை கரும்பொடித் தோட்டாவுக்குச் செய்தவை. புகையில்லா வெடிமருந்துக்கு கோல்ட் உத்தரவாதம் தரத் தொடங்கியதே 1900 வாக்கில்தான். இன்றைய பலமான தோட்டாவைப் போட்டால் சிலிண்டர் வெடிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் தயாரானது 'பழம்பொருள்'. மற்ற துப்பாக்கிகளுக்கான கூட்டாட்சி விற்பனை விதிகள் பெரும்பாலும் இதற்குப் பொருந்தாது. மாநிலச் சட்டங்கள் மாறும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ராணுவம் வாங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் எல்லாமே 1891-க்குள் வந்தவை என்பதால் இந்த வரம்புக்குள் அடங்கும். முதல் உலகப் போரின் எம்1917 ரிவால்வர் நூறு வயதைத் தாண்டியும் அடங்காது.

இரண்டு முறை திருடுபோன ரிவால்வர்

ஹவானா துறைமுகத்தில் 1898-ல் மூழ்கிய 'மெய்ன்' போர்க்கப்பலிலிருந்து மீட்ட ஒரு .38 கோல்ட், ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுக்கப்பட்டது. அதை எடுத்துக்கொண்டுதான் அவர் சான் ஹுவான் மேட்டில் ஏறினார். பிறகு அந்த விவரத்தை அதன் மேலேயே பொறித்தார்கள். நியூயார்க்கில் அவர் வாழ்ந்த சாகமோர் ஹில் வீட்டுக் காட்சியகத்திலிருந்து 1963-ல் திருடுபோய்க் கிடைத்தது. 1990-ல் மறுபடி திருடுபோனது. அவ்வளவு பிரபலமான துப்பாக்கியை, மேலே எழுதியும் வைத்திருப்பதை, யாரிடம் போய் விற்பது? 16 வருஷம் கழித்து 2006-ல் எஃப்பிஐ அதை மீட்டு அதே வீட்டில் கொண்டுபோய் ஒப்படைத்தது.