30 கி.மீ உயரத்திலிருந்து ஒரு மெசேஜ்... ஆர்டுயினோ அனுப்பும் ரேடியோ டெலிடைப்!

ஹீலியம் பலூனில் ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே கேமரா, ஜி.பி.எஸ், குட்டி ஆர்டுயினோ போர்டு. சுமார் 30 கி.மீ உயரத்தில் பலூன் வெடிக்கும். பெட்டி பாராசூட்டில் இறங்கும். சரி, எங்கே விழுந்தது? அந்த உயரத்தில் மொபைல் சிக்னலை நம்ப முடியாது. அதைத் தொலைத்துவிட்டால், எடுத்த போட்டோவும் போச்சு!

இதற்காக பிரிட்டன் பலூன் ஆர்வலர்கள் பயன்படுத்திய பழைய டெக்னிக்தான் ரேடியோ டெலிடைப்.

எப்படி வேலை செய்யுது?

ரொம்ப சிம்பிள். 1-க்கு ஓர் அலைவரிசை, 0-க்கு அதைவிடக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஆர்டுயினோவின் ஒரு பின், ரேடியோ மாட்யூலுக்குப் போகும் வோல்டேஜை லேசாக மாற்றினால் போதும், அலைவரிசை நகரும். தரையில் ரிசீவரோடு இணைந்த லேப்டாப், அந்த இரண்டு விசில் சத்தங்களைத் திரும்ப எழுத்தாக்கிவிடும்.

ஏன் இவ்வளவு ஸ்லோ?

வேகம் பெரும்பாலும் 50 பாட்தான். அதாவது ஒரு பிட்டுக்கு 20 மில்லி செகண்ட். தொடக்க பிட் 1, எழுத்துக்கு 7, முடிவு பிட் 2 என ஓர் எழுத்துக்கு 10 பிட். ஆக, நொடிக்கு 5 எழுத்து. 60 எழுத்து மெசேஜுக்கு 12 நொடி! சிரிக்காதீங்க... அந்த நிதானம்தான் பலம். வெறும் 10 மில்லிவாட் சிக்னலும் பல நூறு கி.மீ தாண்டிக் கேட்கும்.

இதையெல்லாம் கவனிங்க!

* ஆர்டுயினோவின் டிலேமைக்ரோசெகண்ட்ஸ் கட்டளை 16,383-க்கு மேல் சரியாக வேலை செய்யாது. 20,000 வேண்டுமென்றால் 10,000-ஐ இரண்டு முறை கொடுங்கள்.

* மெசேஜ் முடிவில் செக்சம் சேருங்கள். வழியில் ஓர் எண் மாறினாலும் தெரிந்துவிடும். இல்லையென்றால் தப்பான ஊரில் தேடுவீர்கள்!

* யுபிளாக்ஸ் ஜி.பி.எஸ் என்றால் ஃப்ளைட் மோடுக்கு மாற்றுங்கள். வழக்கமான மோடில் 12 கி.மீ-க்கு மேல் இடம் காட்டாது.

நம் ஊரில் பறக்கவிடும் முன், ரேடியோ உரிமம், பலூன் அனுமதி இரண்டும் அவசியமா என விசாரித்துவிடுங்கள்.

அதுவரை? ஆர்டுயினோவில் குட்டி ஸ்பீக்கரை இணைத்து அதே இரண்டு டோன்களை ஒலிக்கவிடுங்கள். லேப்டாப் மைக் அருகே வைத்து, இலவச மென்பொருளான எஃப்.எல்டிஜியைத் திறங்கள். உங்கள் பெயர் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் வரும். அது ஓடிவிட்டால், பலூன் வேலையில் பாதி முடிந்த மாதிரி!