'லுங்கி' கோஷம் உங்க டைம்லைனுக்கு வந்தது எப்படி? மும்பைத் தமிழர்களைச் சுற்றி நடக்கும் ஆன்லைன் சண்டையின் பின்னணி

2026 ஜனவரி 15 அன்று மும்பை மாநகராட்சித் தேர்தல். அதற்கு முந்தைய நாட்களில் இரண்டு துண்டு வீடியோக்கள் ஃபோனுக்கு ஃபோன் தாவின. முதலாவதில், பாஜகவுக்காகப் பிரசாரம் செய்ய வந்திருந்த அண்ணாமலை, பாம்பே மகாராஷ்டிராவின் நகரம் இல்லை, அது சர்வதேச நகரம் என்கிறார். இரண்டாவதில், சிவாஜி பார்க் மேடையில் ராஜ் தாக்கரே அவரை 'ரசமலாய்' என்று கேலி செய்து, 1960களின் 'ஹடாவ் லுங்கி, பஜாவ் புங்கி' கோஷத்தை ஞாபகப்படுத்துகிறார். லுங்கிக்காரனை விரட்டு, ஊதலை ஊது என்று அர்த்தம்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தமிழில் ஒரு பதிலடி, மராத்தியில் அதற்கொரு பதிலடி, நடுவில் "உங்க ஊருக்குப் போங்க" என்ற அட்வைஸ். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'உங்க ஊர்' எது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

யார் பேசியது சரி என்று தீர்ப்பு சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. இந்தச் சண்டை எப்படித் தயாராகிறது, அதனால் யாருக்கு லாபம், எது காணாமல் போகிறது என்பதைப் பார்ப்போம்.

அந்த ஒரு வரி ஏன் இவ்வளவு சுட்டது?

அண்ணாமலை பேசியதை முழுசாகக் கேட்டால், அது மாநகராட்சி பட்ஜெட் பற்றிய பேச்சு. மும்பையின் பட்ஜெட்டை சென்னை, பெங்களூருவோடு ஒப்பிட்டு, மத்தியிலும் மாநிலத்திலும் மாநகராட்சியிலும் ஒரே கூட்டணி ஆட்சி வேண்டும் என்று வாதாடுகிறார். துண்டு வீடியோவில் பட்ஜெட் போய்விட்டது, 'மகாராஷ்டிரா நகரம் இல்லை' மட்டும் மிஞ்சியது.

அதற்காக, கோபப்பட்டவர்கள் சும்மா கோபப்பட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பம்பாய் மகாராஷ்டிராவோடு சேர வேண்டும் என்று 1950களின் பிற்பாதியில் நடந்த சம்யுக்த மகாராஷ்டிரா போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஃபோர்ட் பகுதியில் தினமும் ஆபீஸ் போகிறவர்கள் கடக்கும் ஹுதாத்மா சௌக் அவர்கள் நினைவிடம்தான். 1960 மே 1 அன்றுதான் மகாராஷ்டிரா பிறந்தது. அந்த வரலாறு தெரிந்த மராத்திக்காரருக்கு 'பாம்பே' என்ற சொல்லும் அந்த வரியும் சேர்ந்து வரும்போது காதில் விழுவது வேறு. 'மெட்ராஸ் மனதே' என்ற முழக்கத்தைக் கேள்விப்பட்ட தமிழருக்கு இது புரிவது கஷ்டமில்லை.

ஆறு மாசம் முன்னாடி கதையே வேற

2025 ஏப்ரலில் மகாராஷ்டிரா அரசு ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாவது மொழியாகக் கட்டாயமாக்கி ஆணை போட்டது. எதிர்ப்பு வலுத்து, ஜூன் 29 அன்று அந்த முடிவு வாபஸ் ஆனது. ஜூலை 5 அன்று வொர்லியில் உத்தவ் தாக்கரேயும் ராஜ் தாக்கரேயும் கிட்டத்தட்ட 20 வருஷத்துக்குப் பிறகு ஒரே மேடையில் வெற்றிக் கூட்டம் நடத்தினார்கள். இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டம் மாநில எல்லையைத் தாண்டிவிட்டது என்று மு.க.ஸ்டாலின் எக்ஸ் தளத்தில் வரவேற்றார். தமிழ் டைம்லைனில் தாக்கரே சகோதரர்களுக்கு ஏகப்பட்ட கைதட்டல்.

அதே நாட்களில்தான் மீரா ரோட்டில் ஒரு கடைக்காரரை, மராத்தி பேசவில்லை என்று எம்என்எஸ் தொண்டர்கள் அறைந்த வீடியோவும் வந்தது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதையும் பார்த்தார்கள் என்பது வேறு கேள்வி. 2026 ஜனவரியில் அதே மேடைக்காரரிடமிருந்து லுங்கி கோஷம் வந்ததும், கைதட்டிய அதே பக்கம் கல் எறிய ஆரம்பித்தது. மொழிக் கொள்கையில் இடையில் யாரும் நிலைப்பாட்டை மாற்றவில்லை. 'நம்மாளு', 'அவங்காளு' என்ற கோடு மட்டும்தான் இடம் மாறியது. மும்பைத் தமிழரோ ஜூலையிலும் அதே சொசைட்டியில்தான் இருந்தார், ஜனவரியிலும் அதே சொசைட்டியில்தான் இருந்தார்.

அல்காரிதம் வருவதற்கு முன்: ஒரு பெயர்ப் பட்டியல்

பால் தாக்கரே 1960இல் 'மார்மிக்' என்ற கார்ட்டூன் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் வந்த ஒரு பகுதி, என்னைப் போல டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் பாடம். மும்பை நிறுவனங்களில் வேலை பார்த்த அதிகாரிகளின் பெயர்களை டெலிபோன் டைரக்டரி மாதிரியான இடங்களிலிருந்து எடுத்து வரிசையாக அச்சிட்டார்கள். பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். தலைப்பு: 'படியுங்கள், சும்மா உட்கார்ந்திருங்கள்'. பிறகு அது 'படியுங்கள், எழுந்திருங்கள்' என்று மாறியது. பெரிய தலையங்கமே தேவைப்படவில்லை. மீதியை வாசகரே எழுதிக்கொண்டார்.

கவனிக்க வேண்டியது, அந்தப் பெயர்கள் பொய்யில்லை. பட்டியலில் இல்லாததுதான் விஷயம். அந்த நிறுவனத்தில் மொத்தம் எத்தனை பேர், யாரெல்லாம் விண்ணப்பித்தார்கள், ஆங்கில டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கேட்ட வேலைகளுக்கு அதைப் படித்துவிட்டு ரயிலேறியவர்கள் யார் என்ற எதுவும் அங்கே கிடையாது. மேல் எண் மட்டும் இருக்கும், கீழ் எண் இருக்காது. மராத்தி இளைஞர்களின் வேலையில்லாத் திண்டாட்டம் உண்மையானது. 1961 கணக்கெடுப்பில் மும்பையில் மராத்தி பேசியவர்கள் சுமார் 43 சதவீதம்தான். தங்கள் மாநிலத் தலைநகரிலேயே பாதிக்கும் கீழே. அந்தக் குறை நிஜம், ஆனால் அதற்கு யார் காரணம் என்று காட்டிய விரல் பட்டியலிலிருந்து வந்தது.

1966 ஜூன் 19 அன்று சிவசேனா பிறந்தது. அக்டோபர் 30 அன்று சிவாஜி பார்க்கில் முதல் பெரிய கூட்டம். கூட்டம் முடிந்து கலைந்தவர்கள் உடுப்பி ஹோட்டல்களைத் தாக்கினார்கள். உடுப்பி கர்நாடகாவில் இருக்கிறது என்பதெல்லாம் கல்லுக்குத் தெரியாது. அதிகாரிகள் பெயர்ப் பட்டியலுக்குள் வராத, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவித் தோல் ஷாப்பில் கூலி வேலை பார்த்த தமிழரும் அதே 'மதராசி' ஆனார். 1968 மாநகராட்சித் தேர்தலில் சேனா 42 இடங்களைப் பிடித்தது.

பின்னாடி இலக்கு மாறியது. கம்யூனிஸ்டுகள், முஸ்லிம்கள், 2008இல் எம்என்எஸ் வழியாக வட இந்தியர்கள். 1980களின் பிற்பாதியில் சேனா இந்துத்துவத்தைக் கையில் எடுத்ததும், தமிழர்களும் அந்தக் கட்சிக்குள் போனார்கள்.

சரி, ஆப் என்ன செய்கிறது?

மார்மிக் பட்டியலைப் படிக்கக் கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும். இப்போது அது உங்களைத் தேடி வருகிறது. எது வர வேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கும் நடுநிலையானது இல்லை. 2017இல் ஃபேஸ்புக் தன் ரேங்கிங்கில் கோப எமோஜிக்கு ஒரு லைக்கைவிட 5 மடங்கு மதிப்பு கொடுத்தது. ஹார்ட், ஹாஹாவுக்கும் அதே மதிப்புதான், ஆனால் கோபம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் விஷமும் அதிகம் என்று நிறுவனத்தின் ஆட்களே கண்டுபிடித்தார்கள். 2020இல்தான் கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். 2021இல் உள் ஆவணங்கள் வெளியானபோதுதான் நமக்கு இது தெரிந்தது.

அதே 2021இல் அமெரிக்கப் பதிவுகள் 27 லட்சத்தை ஆராய்ந்த ஓர் ஆய்வு, எதிர்த்தரப்பைக் குறிக்கும் ஒவ்வொரு கூடுதல் சொல்லுக்கும் அந்தப் பதிவு ஷேர் ஆகும் வாய்ப்பு சுமார் 67 சதவீதம் கூடுகிறது என்றது. உங்கள் கட்சியைப் புகழ்ந்து எழுதினால் பத்துப் பேர் பார்ப்பார்கள், எதிராளியைப் பெயர் சொல்லித் திட்டினால் ஊரே பார்க்கும். அரசியல்வாதிகளின் ஐடி விங் இதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை, அனுபவத்திலேயே தெரியும்.

"நேர்ல நல்லவங்கதான், ஆன்லைன்ல வந்தா மாறிடறாங்க" என்று நாம் எல்லாரும் சொல்லியிருப்போம். டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். பெரிதாக யாரும் மாறுவதில்லை. ஆன்லைனில் கத்துகிறவர்கள் நேரிலும் அரசியல் பேச்சில் அதே ரகம்தான். வித்தியாசம், நேரில் அவர் கத்தினால் அந்த டீக்கடைக்கு மட்டும் கேட்கும். ஆன்லைனில் எல்லோருக்கும் கேட்கும். அமெரிக்க ட்விட்டரில் 80 சதவீதப் பதிவுகளை 10 சதவீதம் பேர்தான் எழுதினார்கள் என்று ப்யூ நிறுவனம் 2019இல் கணக்குப் போட்டது. ஒரு ஹேஷ்டேக் டிரெண்டிங் என்றால், அது பதிவுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. 'மராத்திக்காரங்க எல்லாரும் நம்மள வெறுக்கறாங்க' என்ற முடிவுக்கு டைம்லைனை வைத்து வருவது, கத்துகிறவரை மட்டும் எண்ணிவிட்டுத் தெருவையே எண்ணியதாகச் சொல்வது மாதிரி.

நம்ம பக்கம் சுத்தமா?

இல்லை. 'வடக்கன்' என்ற சொல்லைத் தமிழ் கமெண்ட்களில் தேடிப் பாருங்கள். மார்மிக் பட்டியலின் லாஜிக் அப்படியே இருக்கும்: நம் வேலையை எடுத்துக்கொண்டார்கள், நம் ஊரை நிறைத்துவிட்டார்கள். வீடியோவில் இருப்பவர் ரயில் பெட்டியில் நெருக்கியடித்து நிற்கும் ஒரு கூலித் தொழிலாளி.

2023 மார்ச்சில் இதே ஆயுதம் தமிழ்நாட்டின் மீது திரும்பியது. பிகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சில வேறு மாநிலத்தில் எடுத்தவை, சில சம்பந்தமே இல்லாத பழைய சம்பவங்கள். மார்ச் 8 ஹோலி. அதற்காக ஊருக்குப் போக ஸ்டேஷனில் கூடிய கூட்டம் 'உயிர் பிழைக்க ஓடுகிறார்கள்' என்று காட்டப்பட்டது. பிகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது. யூடியூபர் மணீஷ் கஷ்யப் கைதாகி மதுரைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். தவறான தகவலைப் பதிவிட்ட உத்தரப் பிரதேச பாஜக நிர்வாகி பிரசாந்த் உம்ராவை மன்னிப்புக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 'எங்களைப் பற்றிப் பொய் சொல்றாங்க' என்று அன்று தமிழர்கள் சொன்னது முழுக்க நியாயம். அதே வாரம் 'வடக்கன்' கமெண்ட்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

சட்டம் எங்கே வருகிறது?

2012 நவம்பரில் பால் தாக்கரே இறந்து மும்பை ஸ்தம்பித்தபோது, பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் அந்தக் கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதினார். அவரும், அதை லைக் செய்த தோழியும் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் சம்பவத்தைத் தொட்டுத் தொடரப்பட்ட வழக்கில்தான் 2015 மார்ச் 24 அன்று ஐடி சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே 'எனக்கு எரிச்சலாக இருக்கிறது' என்பது மட்டும் குற்றமாகாது.

மொழி, பிறந்த இடம் போன்றவற்றை வைத்து இரு தரப்புக்கு இடையே பகையைத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவில் குற்றம், 3 ஆண்டுவரை சிறை. பழைய 153ஏ தான் இது. தூண்டும் நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும். 'மதராசி' என்று ஒருவர் கமெண்ட் போட்டதற்கு இது நிற்பது கஷ்டம். உங்களைத் தேடி வந்து மிரட்டினால் அது 351ஆவது பிரிவு, கதையே வேறு. ஸ்கிரீன்ஷாட்டோடு பதிவின் லிங்க்கையும் சேர்த்து வையுங்கள், வெறும் படத்தோடு ஸ்டேஷனுக்குப் போனால் அலைய விடுவார்கள்.

சொசைட்டி குரூப் அட்மினாக இருப்பவர்களுக்கு ஒரு தகவல். வேறு உறுப்பினர் போட்ட மெசேஜுக்காக, கூட்டு நோக்கம் எதுவும் இல்லாத நிலையில், அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021இல் சொல்லியிருக்கிறது.

லுங்கிக்கு அடியில் மறைந்தது

அந்த ஜனவரியில் தாராவித் தமிழர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி வேறு. அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் யாருக்கு எங்கே வீடு என்பது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை ஆவணத்தோடு காட்டினால், தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2011 தொடக்கம்வரை வந்தவர்களுக்கு வீடு உண்டு, தாராவிக்கு வெளியே, 2.5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், அந்தத் தேதிக்குள் எந்த வருஷம் வந்திருந்தாலும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. இதற்காக அரசு ஒப்புதல் கொடுத்த நிலங்களில் ஒன்று தேவ்நார் குப்பை மேடு.

தாராவியில் வீடு என்றால் கீழே ஓர் அறை, இரும்பு ஏணி, மேலே ஓர் அறை. கீழே இருக்கும் மராத்திக் குடும்பத்துக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரே விதி. மேலே இருக்கும் இருவருக்கும் அப்படியே. இதை விளக்கும் வீடியோக்களும் அந்த வாரம் இருந்தன. அவற்றில் எதிராளியின் பெயர் இல்லை.