கேம்பர் வேனின் கூரையில் நெகிழ்வுச் சூரியத் தகடு: ஒரு வரலாற்றுப் பார்வை

கேம்பர் வேன் என்பது படுக்கை, அடுப்பு, சிறு குளிர்பெட்டி ஆகியவற்றுடன் வீடுபோல அமைக்கப்பட்ட ஊர்தி. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் இது பரவலாக உள்ளது. அதன் விளக்கும் குளிர்பெட்டியும் 12 வோல்ட் பேட்டரியில் இயங்குகின்றன. அந்தப் பேட்டரியை வெயிலால் நிரப்ப, வளையக்கூடிய மெல்லிய சூரியத் தகட்டைக் கூரையில் ஒட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே நின்று மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்துவது சார்ஜ் கன்ட்ரோலர் எனப்படும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி. இவ்விரண்டும் எப்படி உருவாயின என்று தெரிந்துகொண்டால், எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதற்கும் விடை கிடைக்கும்.

தொலைபேசியிலிருந்து விண்வெளிக்கு

ஒளி பட்டால் மின்சாரம் தோன்றும் என்பதை 1839இல் பிரான்சின் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். 1883இல் அமெரிக்கரான சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியத்தின் மேல் மெல்லிய பொற்படலம் பூசி ஒரு கலம் செய்தார். அது விழுந்த ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்கியது.

பயன்படத்தக்க முதல் சிலிக்கான் சூரியக்கலத்தை 1954 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தின் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் உலகுக்குக் காட்டினர். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் தொலைபேசிக் கருவிகளின் உலர் பேட்டரிகள் விரைவில் கெட்டன. அதற்கு மாற்றுத் தேடியபோது பிறந்ததே இக்கலம். அதன் திறன் சுமார் 6 விழுக்காடு. 1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட வேன்கார்டு-1 செயற்கைக்கோளில் சூரியக்கலங்கள் இடம்பெற்றன. அதில் சாதாரண பேட்டரியால் இயங்கிய ஒலிபரப்பி சில மாதங்களில் அடங்கிவிட, வெயிலால் இயங்கியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது.

தரைக்கு வந்ததும் 36 கலங்களும்

விண்வெளிக்கான கலங்களின் விலை சாமானியருக்கு எட்டாதது. 1970களின் தொடக்கத்தில் எலியட் பெர்மன் என்பவர் எக்சான் நிறுவனத்தின் ஆதரவுடன், ஒரு வாட்டுக்குச் சுமார் 100 டாலராக இருந்த விலையை 20 டாலர் அளவுக்குக் குறைத்தார். கடல் மிதவை விளக்குகள், எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகள் ஆகியவற்றில் தகடுகள் ஏறின. இவை யாவும் ஈய-அமில பேட்டரியை நிரப்பவே வைக்கப்பட்டன.

ஒரு சிலிக்கான் கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை முழுதாக நிரப்ப 14.4 வோல்ட் அளவு தேவை. வெயில் சூட்டில் தகட்டின் வோல்ட் இறங்கும். கம்பியிலும் சிறிது இழக்கும். எனவே 36 கலங்களைத் தொடராக இணைத்து, வேலை செய்யும்போது சுமார் 18 வோல்ட்டும், சுமை இல்லாதபோது சுமார் 22 வோல்ட்டும் தரும் தகடு வழக்கமாயிற்று. கேம்பர் வேனுக்கு விற்கப்படும் ‘12 வோல்ட் தகடு’ இன்றும் பெரும்பாலும் இதுவே.

வளையும் தகட்டின் இரு பிறவிகள்

1976இல் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தின் கார்ல்சனும் வ்ரான்ஸ்கியும் படிக அமைப்பில்லாத சிலிக்கானால் கலம் செய்து காட்டினர். இதை மெல்லிய படலமாகப் பூசலாம். மிச்சிகனில் ஸ்டான்ஃபோர்டு ஒவ்ஷின்ஸ்கியின் நிறுவனம், நாளிதழ் அச்சிடுவதுபோல ஓடும் எஃகுச் சுருளின் மேல் இப்படலத்தைப் படியவைத்தது. உண்மையாகவே வளைந்த அத்தகடு யூனி-சோலார் என்ற பெயரில் கூரைகளிலும் படகுகளிலும் ஒட்டப்பட்டது. அதன் குறை, திறன். வெயில்பட்ட முதல் சில மாதங்களிலேயே திறன் ஓரளவு குறைந்து, 7 விழுக்காடு அளவில் நின்றது. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 70 வாட் என்றால், சிறிய வேன் கூரைக்கு அது போதாது. படிகச் சிலிக்கானின் விலை சரிந்தபோது அந்நிறுவனம் தாக்குப்பிடிக்கவில்லை, 2012இல் திவாலானது.

இன்று சந்தையில் உள்ளது இரண்டாம் பிறவி. மெல்லிய படிகக் கலங்களைக் கண்ணாடிக்குப் பதிலாக நெகிழிப் படலங்களுக்கு இடையே வைத்து ஒட்டுகிறார்கள். சன்பவர் நிறுவனத்தின் கலங்களில் மின் இணைப்புகள் பின்புறம் இருப்பதால் 22 விழுக்காட்டுக்கு மேல் திறன் கிடைத்தது. 2016இல் உலகைச் சுற்றி முடித்த சோலார் இம்பல்ஸ்-2 வானூர்தியில் 0.135 மில்லிமீட்டர் தடிப்புள்ள இத்தகைய 17,248 கலங்கள் இருந்தன.

ஆனால் இது ‘வளையும்’ தகடு என்பதை விட ‘சிறிது வளைவைப் பொறுக்கும்’ தகடு என்பதே சரி. உள்ளே இருப்பது நொறுங்கும் பொருள். அதன் மேல் நடந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். விரிசல் விழுந்த இடம் சூடேறும். கண்ணாடித் தகடு 100 வாட்டுக்கு 6 முதல் 8 கிலோ இருக்கும். இது 2 கிலோ அளவுதான். எடை குறைகிறது, ஆயுளும் குறைகிறது.

ஹபிள் தொலைநோக்கியின் கதை இங்கே நினைக்கத்தக்கது. 1990இல் அது சுருட்டி விரிக்கும் நெகிழ்வுத் தகடுகளுடன் சென்றது. வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும்போது வெப்ப மாற்றத்தால் அவை அசைந்து தொலைநோக்கியையே நடுங்கச் செய்தன. 1993இல் திருத்திய தகடுகள் பொருத்தப்பட்டன. 2002இல் விறைப்பான தகடுகளே இடம்பிடித்தன.

கட்டுப்படுத்தி வளர்ந்த விதம்

தொடக்கக் கட்டுப்படுத்திகள் பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சுகளே. பின்னர் வந்தது பி.டபிள்யூ.எம். வகை, இது நொடிக்குப் பலமுறை இணைத்துத் துண்டித்து, பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைக்கும். மூன்றாவது எம்.பி.பி.டி. வகை, தகடு எந்த வோல்ட்டில் மிகுதியான ஆற்றல் தருமோ அதைத் தேடிப்பிடித்து, பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும். 1960களின் பிற்பகுதியில் விண்கலங்களுக்காக எழுந்த எண்ணம் இது. 1987இல் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை நடந்த முதல் உலகச் சூரியக் கார் போட்டியில் வென்ற சன்ரேசர் காரிலும் இம்முறை இருந்தது.

ஒரு கணக்கு பார்ப்போம். 100 வாட் தகடு 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தருகிறது. பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால், பி.டபிள்யூ.எம். தகட்டையும் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும்: 13 × 5.5 = சுமார் 72 வாட். எம்.பி.பி.டி. என்றால் இழப்பு போகச் சுமார் 95 வாட்.

ஆனால் கூரையில் ஒட்டிய தகட்டின் அடியில் காற்று ஓடாது. அது 65 பாகை செல்சியசுக்குச் சூடானால் 18 வோல்ட் ஏறத்தாழ 15 ஆகும். 15 × 5.5 = 82 வாட். இரு வகைகளுக்கும் இடையே இருந்த பெரும் வேறுபாடு சுருங்கிவிடுகிறது. ஆகவே கோடையில் மட்டும் பயணிப்பவரின் ஒற்றைத் தகட்டுக்கு மலிவான பி.டபிள்யூ.எம். போதும். குளிர்நாட்டுப் பயணத்துக்கும், பல தகடுகளைத் தொடராக இணைப்பதற்கும் எம்.பி.பி.டி. வேண்டும்.

குளிரிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 22 வோல்ட் தகடுகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 44 வோல்ட்; உறைபனிக்குக் கீழே 10 பாகையில் அது 48 வோல்ட்டைத் தாண்டும். 50 வோல்ட் வரம்புள்ள கட்டுப்படுத்தி அங்கே விளிம்பில் நிற்கும். ஆம்பியருக்குத் தகட்டின் வாட்டை 12ஆல் வகுக்கலாம்: 200 வாட்டுக்கு 17 ஆம்பியர் வரும், 20 ஆம்பியர் கட்டுப்படுத்தி வாங்கலாம்.

பொருத்தும்போது

• கூரையை நன்கு துடைத்து ஒட்டவும். இடையே உட்குழல் உள்ள பாலிகார்பனேட் பலகை வைத்தால் காற்று ஓடிச் சூடு தணியும்.
• மேற்படலம் இ.டி.எஃப்.இ. வகையாக இருப்பது நல்லது, பி.இ.டி. படலம் வெயிலில் விரைவில் மஞ்சளாகும்.
• கலங்கள் தொடராக உள்ளதால் ஒரு மூலையில் விழும் நிழலும் மின்சாரத்தைப் பெரிதும் குறைக்கும். காற்றுத் துளை மூடி, பெட்டி ஆகியவற்றின் நிழல் படாத இடம் பார்க்கவும்.
• முதலில் பேட்டரியைக் கட்டுப்படுத்தியுடன் இணைத்து, பிறகே தகட்டை இணைக்கவும். கழற்றும்போது முதலில் தகடு.
• பேட்டரிக்கு மிக அருகே ஃபியூஸ் கட்டாயம். கம்பி உரசிக் குறுக்கிணைப்பு நேர்ந்தால், உறங்குபவரைத் தீயிலிருந்து காப்பது அதுவே.
• லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் கட்டுப்படுத்தியில் அதற்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 0 பாகைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது.

முடிவாக

எடையும் உயரமும் தடையாக உள்ள இடத்துக்காகவே நெகிழ்வுத் தகடு வளர்ந்தது. வேன் கூரை எடையைத் தாங்குமானால், அடியில் காற்று ஓடும் கண்ணாடித் தகடே குறைந்த செலவில் நெடுங்காலம் உழைக்கும். கூரை வளைவாகவோ மெல்லியதாகவோ இருந்தால் நெகிழ்வுத் தகடு ஏற்றது. சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.