ஒரு சிறு கோப்பின் பெரிய வரலாறு



இன்றைய வரலாற்றுப் பதிவில் அரசர் இல்லை, போர் இல்லை. கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் "டிரைவர் போட்டால்தான் டேட்டாபேஸ் கனெக்ட் ஆகும்" என்று சொல்வதைப் பெற்றோர்கள் கேட்டிருப்பீர்கள். டிரைவர், கனெக்டர், பிளக்-இன் என்று பல பெயரில் வழங்கும் அந்தச் சிறு கோப்பு எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். சற்று நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தரவுத்தளம். எட்கர் காட் என்பவர் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவர். தகவல்களை வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாக வைக்கலாம் என்று 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். நம் பள்ளி வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். 1974-இல் ஐபிஎம்மின் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதுவே இன்றைய எஸ்க்யூஎல். 1979-இல் இன்று ஆரக்கிள் என்று நாம் அறியும் நிறுவனம் அம்மொழியில் இயங்கும் தரவுத்தளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு பல நிறுவனங்கள் வந்தன. 1986-இல் அமெரிக்கத் தர அமைப்பு எஸ்க்யூஎல்லுக்கு ஒரு பொது இலக்கணமும் வகுத்தது.

மொழி ஒன்றுதானே, பிறகு என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். பேச்சு வழக்கு ஊருக்கு ஊர் மாறுவது போல, ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கைச் சேர்த்துக்கொண்டது. அதைவிடப் பெரிய சிக்கல், தரவுத்தளத்தின் கதவைத் தட்டும் முறை. அது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

ஒரு கணக்குப் போடுவோம். 10 மென்பொருள்கள், 8 வகைத் தரவுத்தளங்கள். எல்லாம் எல்லாவற்றோடும் பேச வேண்டுமானால் 10 × 8 = 80 இணைப்புகள் எழுத வேண்டும். நடுவில் ஒரு பொது முறை இருந்தால்? மென்பொருள்கள் அம்முறையை ஒருமுறை கற்க 10, தரவுத்தளங்களுக்கு ஆளுக்கொரு டிரைவர் வீதம் 8. மொத்தம் 18 போதும்.

இந்த எளிய கணக்குதான் போட்டியாளர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. 1980களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட், லோட்டஸ், சைபேஸ், டிஇசி நிறுவனங்களின் பொறியாளர்கள் சேர்ந்து பொது முறை ஒன்றை வரையத் தொடங்கினார்கள். எக்செல்லும் லோட்டஸ் 1-2-3-யும் சந்தையில் மோதிக்கொண்டிருந்த காலம் அது என்பதைக் கவனியுங்கள். எஸ்க்யூஎல் அக்சஸ் குரூப் என்ற கூட்டமைப்பிலும் இந்தப் பணி வளர்ந்தது. 1992-இல் மைக்ரோசாஃப்ட் ஓடிபிசி என்ற பெயரில் அதை வெளியிட்டது. இதன் அடிப்படை முறை 1995-இல் உலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

அடுத்தது ஜாவா. சன் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ஜாவா 1.1 பதிப்பில் ஜேடிபிசி என்ற இதே போன்ற முறை இடம்பெற்றது. அப்போது ஜாவாவுக்கென்று டிரைவர்கள் குறைவு. ஆகவே ஓடிபிசி வழியாகச் செல்ல ஒரு தற்காலிகப் பாலம் அமைத்தார்கள். அந்தப் பாலத்தை 2014-இல் வந்த ஜாவா 8 அகற்றிவிட்டது. அதை நம்பியிருந்த பழைய நிரல்கள் அப்படியே நின்றன. தற்காலிகம் என்று சொல்லிக் கட்டியதை நிரந்தரமாக நம்பக் கூடாது என்பது இதில் ஒரு பாடம்.

இதற்கிடையில் நிறுவனங்களிடம் தரவு பெருகியது. விற்பனை ஓரிடம், சம்பளம் ஓரிடம், இருப்புக் கணக்கு வேறிடம். இவற்றைத் திரட்டி ஒன்று சேர்க்கவே தரவு ஒருங்கிணைப்பு சர்வர்கள் பிறந்தன. 1993-இல் தொடங்கிய இன்ஃபர்மாட்டிகா இத்துறையில் முன்னோடி. இந்த சர்வர்களுக்குக் கனெக்டர்தான் துபாஷி. துபாஷி இல்லாத தரவுத்தளத்தோடு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சர்வரும் பேச முடியாது.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நிறுவும்போது எரிச்சலூட்டும் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. டிரைவரை நீங்களே பதிவிறக்க வேண்டியிருப்பது, பல நேரங்களில் அதன் உரிமம் வேறொரு நிறுவனத்திடம் இருப்பதால். 32 பிட் நிரலுக்கு 64 பிட் ஓடிபிசி டிரைவர் பொருந்தாது, இரண்டும் வேறு வேறு காலத்துக் கட்டமைப்புகள். ஜார் கோப்பைச் சரியான கோப்புறையில் வைத்த பிறகும் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கச் சொல்வதுண்டு, பல சர்வர்கள் தொடங்கும்போதுதான் அந்தக் கோப்புறையைப் படிக்கின்றன. முக்கியமான ஒன்று: உங்கள் மேசைக் கணினியில் இணைப்பு வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இரவில் வேலை ஓடப்போவது சர்வரில். அங்கேயும் அதே டிரைவர், அதே பதிப்பு இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மருத்துவமனைப் பதிவோ, கூட்டுறவுச் சங்கக் கணக்கோ, பள்ளிச் சான்றிதழோ, எல்லாம் இன்று ஏதோ ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து மென்பொருளை மாற்ற நேர்ந்தால் அந்தத் தகவல் வெளியே வருமா, உள்ளேயே சிறைப்படுமா என்பதைப் பெரும்பாலும் இந்தச் சிறு கோப்புதான் தீர்மானிக்கிறது. ஆகவே பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் எந்த மென்பொருளை வாங்குவதற்கு முன்பும் விலையோடு இதையும் கேளுங்கள்: "பொது முறையில் இணைக்க டிரைவர் உண்டா? அதை நாங்களே வைத்துக்கொள்ளலாமா?"

பதில் எழுத்தில் வரட்டும்.

துறையில் இருக்கும் பிள்ளைகள் விடுபட்டதைக் கருத்துப் பகுதியில் சேருங்கள்.