ரிவர்ஸ் கேமரா திடீர்னு கருப்பாகுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில், பைக்குகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கும்போது திரை கருப்பானால் பகீர்னுதான் இருக்கும். ஆனால், கேமரா நல்லாவே இருக்கலாம்.

இன்ஜினை ஆஃப் செய்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். இன்னொருவர் டிக்கி கதவை மெதுவாக ஏற்றி இறக்கட்டும். படம் விட்டுவிட்டு வந்தால், கதவு ஓரத்து ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அது மடங்குகிறதே!

டிக்கியைத் திறந்து மூடுவதால் கேமரா ஒயர் சேதமாகலாம் என்று, 2021 டிசம்பரில் அமெரிக்காவில் 3,56,309 மாடல் 3 கார்களை டெஸ்லா திரும்ப அழைத்தது.

திருச்சியில் எந்த கார் எலக்ட்ரீஷியனிடம் போனாலும், முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். மடங்கும் இடத்தில் அது நிற்காது. வீடியோ ஒயரை முழுசாக மாற்றச் சொல்லுங்கள். வாரண்டி இருந்தால், ஒயரை வெட்டுவதற்கு முன் ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.